மரப்பெட்டியில் இருக்கும் பிளாக்கை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: "அண்ணா, கோவையில் ஒரு பவுண்டரியில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு இப்போது இங்கிலாந்தில், கோவென்ட்ரிக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். என் முதலாளி 1959-ஆம் வருடத்து கூப்பர் டி51 பந்தயக் கார் ஒன்றை வாங்கப் பார்க்கிறார். 'நீ வார்ப்படத் தொழிலில் இருந்தவன், வந்து பார்' என்று என்னையும் கூட்டிப்போனார். காரில் இருக்கும் 2.5 லிட்டர் கோவென்ட்ரி கிளைமாக்ஸ் இன்ஜின் பார்க்கவே புதிதாக இருந்தது. கேட்டதும் விற்பவர் மறைக்கவில்லை. பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்), ஹெட் (அதன் மேல்மூடி), கிராங்க் (உள்ளே சுழலும் தண்டு) எல்லாம் ஆறு வருடத்துக்கு முன் புதிதாகச் செய்தவையாம். விரிசல் விட்ட பழைய பிளாக் ஒரு மரப்பெட்டியில் இருக்கிறது. அதை இன்னொருவர் கேட்கிறாராம். நாங்கள் விட்டுக்கொடுத்தால் கார் விலையைக் குறைக்கிறேன் என்கிறார். வேண்டுமென்றால் பழைய எண்ணைப் புது பிளாக்கில் குத்தியும் தருவாராம். எனக்கு இது போலிச் சரக்கு மாதிரி தெரிகிறது. முதலாளியிடம் என்ன சொல்வது? பழைய பிளாக்கைச் சரிசெய்து போட முடியாதா? இந்த இன்ஜினோடு பந்தயத்தில் விடுவார்களா?"

பதில்:

தம்பி, முதலில் அந்தப் 'போலி' என்ற சொல்லை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்வதுதான் போலி. நீங்கள் கேட்டதும் 'புதிதாகச் செய்ததுதான்' என்று அவர் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் அந்த இன்ஜின் மேல் குற்றமில்லை. பழைய எண்ணைக் குத்தித் தருகிறேன் என்றாரே, அந்த வரியைப் படித்ததும்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். அதற்கு வருகிறேன்.

சாலையில் ஓடிய பழைய காரையும் பந்தயக் காரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. சாலைக் காரில், தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று இருந்த இன்ஜின் எண் இன்றும் அப்படியே இருந்தால் விலை ஏறும். நியாயம்தான். பந்தயக் காரில் இன்ஜின் கிட்டத்தட்ட டயர் மாதிரி. கூப்பர் கம்பெனி இந்த இன்ஜினைச் செய்யவில்லை. கிளைமாக்ஸிடம் வாங்கிப் போட்டது. ஓடிக் களைத்த இன்ஜின் பிரித்துக் கோர்க்கப் போகும், அந்த இடத்தில் இன்னொன்று உட்காரும். அடுத்த பந்தயத்துக்கு எது தயாராக இருக்கிறதோ அதுதான் அந்தக் காரின் இன்ஜின். ஜாக் பிராபம் 1959-லும் 1960-லும் உலகச் சாம்பியன் ஆனது கூப்பரில், எஃப்.பி.எஃப். என்று பெயர் கொண்ட இந்தக் கிளைமாக்ஸ் இன்ஜினோடுதான். அவருடைய மெக்கானிக்கிடம் போய் 'இது இந்தக் காரின் சொந்த இன்ஜினா?' என்று கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

1961-ல் ஃபார்முலா 1 இன்ஜின் அளவை 1.5 லிட்டராகக் குறைத்தார்கள். ஒரே நாளில் 2.5 லிட்டர் இன்ஜின்களுக்கு அங்கே வேலை போனது. சில ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் போயின, சில ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் கப்பல் ஏறின. இன்ஜின் ஒரு கண்டத்திலும் சேஸி என்கிற அடிச்சட்டம் ஒரு கண்டத்திலுமாகப் பிரிந்த கூப்பர்கள் எத்தனையோ. ஆகவே, தம்பி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த மரப்பெட்டியில் இருக்கும் பிளாக் 1959-ல் இந்தக் காரில்தான் இருந்தது என்று யார் சொன்னது? பழையது என்பது வேறு, அந்தக் காருடையது என்பது வேறு. எழுபதுகளில் யாரோ ஒருவர் எங்கிருந்தோ வாங்கிப் போட்டதாகவும் இருக்கலாம். அதற்குக் காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் பரவாயில்லை. ஆனால் இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இன்ஜினின் பூர்வீகம் வேடிக்கையானது; நீங்கள் கோவென்ட்ரி பக்கம் இருப்பதால் சொல்கிறேன். கிளைமாக்ஸ் கம்பெனி தீயணைப்புப் பம்புக்கும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் பேர் போனது. ஃபார்முலா 1-க்கென்று ஒரு வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் செய்தார்கள். எதிராளிகள் தங்கள் இன்ஜினுக்கு இவ்வளவு குதிரைத்திறன் என்று அடித்துவிட்ட கணக்கை நம்பி, நம்முடையது தேறாது என்று அதை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். அந்த வி8-இல் பாதியை அடிப்படையாக வைத்துப் பிறந்ததுதான் நான்கு சிலிண்டர் எஃப்.பி.எஃப். 1.5 லிட்டரில் தொடங்கி, 1.96, 2.2 என்று வளர்ந்து 1959-ல் 2.5-ஐத் தொட்டது. 1958 ஜனவரியில் புவெனஸ் அயர்ஸில் ஸ்டெர்லிங் மாஸ் இந்த 1.96 லிட்டர் இன்ஜினோடு ஒரு சின்ன கூப்பரில் ஜெயித்தார். ஓட்டுநருக்குப் பின்னால் இன்ஜின் வைத்த கார் உலகச் சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரீயில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. பாதி இன்ஜின் செய்த வேலை.

சரி, பழைய பிளாக்கைச் சரிசெய்து போட முடியாதா என்ற கேள்விக்கு வருவோம். முடியும். போடக் கூடாது என்பது என் கட்சி.

பல வருடத்துக்கு முன் இதே வகை இன்ஜின் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. காரின் சொந்தக்காரருக்கு 'எல்லாம் அசல்' என்பதில் அப்படி ஒரு பெருமை. பிரித்து, கழுவி, வெறும் பிளாக்கை மேஜையில் ஏற்றி டை பெனட்ரன்ட் என்கிற விரிசல் சோதனை செய்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்: சிவப்புச் சாயத்தைப் பூசி, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளை டெவலப்பரை அடிக்க வேண்டும். அடித்த முதல் நிமிடம் ஒன்றுமில்லை. சொந்தக்காரர் சிரித்தார். இரண்டாவது நிமிடம் கிராங்க் உட்காரும் நடு மெயின் பேரிங்கைத் தாங்கும் சுவரில் ஸ்டட் துளையிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு கிளம்பியது. வெள்ளைப் பொடி காயக் காய அது நீண்டுகொண்டே போனது. லைனர், அதாவது சிலிண்டர் குழாய், உட்காரும் விளிம்பில் இன்னும் இரண்டு. சுண்ணாம்புச் சுவரில் பாக்கு எச்சில் வழிந்த மாதிரி இருந்தது. அவர் அதற்குமேல் பேசவில்லை.

அலுமினியம் இரும்பு மாதிரி இல்லை. இவ்வளவு அழுத்தத்துக்கு மேல் போகாவிட்டால் விரிசலே விழாது என்ற எல்லை எஃகுக்கு உண்டு, அலுமினியத்துக்கு இல்லை. ஓட ஓடக் களைப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கும். அறுபது வருடத்துப் பிளாக்கில் தண்ணீர் ஓடும் அறைகள் அரித்திருக்கும். எண்ணெய் உலோகத்தின் நுண்துளைகளில் ஊறியிருக்கும். வெல்டிங் டார்ச்சைக் காட்டினால் அந்த எண்ணெய் பொங்கி வந்து வெல்டையே பஞ்சுபோல் ஆக்கிவிடும். நன்றாகவே வெல்ட் பிடித்தாலும் சூட்டில் பிளாக் கோணிக்கொள்ளும். கிராங்க் உட்காரும் ஐந்து பேரிங்குகளையும் ஒரே நேர்கோட்டில் மறுபடி கடைந்தாக வேண்டும். இவ்வளவும் செய்து மெதுவாக நாலு சுற்று ஓட்டிக் காட்டலாம். பந்தயம் ஓட்ட எனக்கு மனசு வராது.

அந்தச் சொந்தக்காரர் என் பேச்சைக் கேட்கவில்லை. வேறு ஒருவரிடம் கொடுத்து ஒட்டவைத்து ஓட்டினார். பயிற்சிச் சுற்றிலேயே பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் ஒன்று உடைந்து பிளாக்கின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அசலைக் காப்பாற்றத்தான் அசலையே ஓட்டினார். கடைசியில் அவரிடம் அசலும் இல்லை.

அதனால்தான் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் வந்தது. பந்தயத்துக்குப் புது இன்ஜின். பழையது எண்ணெய் தடவி, பெட்டியில், காரோடு. கார் கைமாறினால் பெட்டியும் கூடவே போகும்.

இனி புது இன்ஜினுக்கு வருவோம். இதில் என்னைவிட உங்கள் கண்தான் கூர்மையாக இருக்கும். புதிய பிளாக் என்பதில் பல ஜாதி உண்டு. பழைய வரைபடத்தை வைத்துப் பேட்டர்ன் (மாதிரி அச்சு) அடித்து, மணலில் வார்த்து, பழைய கனத்தில் கடைந்தது ஒரு வகை. பழைய பிளாக் ஒன்றை ஸ்கேன் செய்து, பலவீனமான இடங்களில் சத்தமில்லாமல் சதை கூட்டியது இன்னொரு வகை. வெளியிலிருந்து இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பார்ட்டிங் லைன் (வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் கோடு) எங்கே ஓடுகிறது, பழைய பிளாக்கில் இருக்கும் அதே இடத்திலா என்று பெட்டியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிடக் கையிலேயே பழையது இருப்பது பெரிய வசதி. வார்க்கும்போது உள்ளே வைக்கும் மணல் கோர் நகர்ந்து ஒரு பக்கம் சுவர் மெலிந்திருக்கிறதா என்று அல்ட்ராசானிக் மானியால் அளந்து பாருங்கள். திருகு மரைகள் பழைய பிரிட்டிஷ் மரைகளா, மெட்ரிக்கா என்று ஒரு கேஜ் வைத்தாலே தெரிந்துவிடும். கலவையை எக்ஸ்ரே துப்பாக்கி சொல்லிவிடும். இன்றைய பவுண்டரிகள் பெரும்பாலும் ஏழு சதவீதம் சிலிக்கான் கலந்த எல்.எம்.25-ஐத்தான் ஊற்றுகின்றன. அலுமினியத்துக்கு அலுமினியம் என்பதால் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். சுவரின் கனத்தைக் கூட்டியிருந்தால் காகிதத்தில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது உள்ளே. 2.5 லிட்டர் எஃப்.பி.எஃப்.புக்கு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 94 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 89.9. கணக்குப் போட்டால் 2,495 சிசி வரும். அந்தக் காலத்திலேயே 2.7 லிட்டர் வடிவமும் இருந்தது. 1961-ல் பிராபம் அதைக் கொண்டுபோய் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ஒன்பதாவதாக வந்தார். புதிதாகச் செய்யும்போது '2.5' என்று சொல்லிக்கொண்டு உள்ளே அளவைக் கூட்டிவிடுவதில் ஒன்றும் கஷ்டமில்லை. 1959 டி51-ஐ 2.5 என்று பந்தயத்தில் இறக்கிவிட்டு 2.7-ஐ ஓட்டினால் அதுதான் போலி. வெளியே எத்தனை பழைய போல்ட் இருந்தாலும் சரி. ஹெட்டைக் கழற்றச் சொல்லி அளந்து பாருங்கள். கழற்ற மாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்றும் உண்டு. புதிய கிராங்க், புதிய ராட், இன்றைய பிஸ்டன் எல்லாம் சேர்ந்தால் இன்ஜின் அன்றைக்குச் சுற்றாத வேகத்தில் சுற்றும். 1959-ல் இது நிமிடத்துக்கு 6,750 சுற்றில் சுமார் 240 குதிரைத்திறன் கொடுத்தது. விற்பவரிடம் டைனோ தாள், அதாவது இன்ஜினின் திறனை அளந்த தாள், கேளுங்கள். எண் ரொம்ப அழகாக இருந்தால் பாராட்டுவதற்கு முன் யோசியுங்கள். பழைய காஸ்வொர்த் டி.எஃப்.வி. இன்ஜின்கள் ஓடும் சரித்திர ஃபார்முலா 1 பந்தயங்களில் 10,000 சுற்றுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டியதற்கு ஒரு காரணம் செலவு, இன்னொரு காரணம் இதுதான்.

பந்தயத்தில் விடுவார்களா? விடுவார்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகளில் பின்னிணைப்பு 'கே' என்று ஒன்று சரித்திரப் பந்தயங்களுக்காகவே இருக்கிறது. இன்ஜின் எந்த வருடம் வார்க்கப்பட்டது என்பதல்ல அதன் கேள்வி. அந்தக் காலத்து அமைப்பில், அந்த அளவில், அதே வகை உலோகத்தில் இருக்கிறதா என்பதுதான். இருந்தால் எச்.டி.பி. என்ற தொழில்நுட்பப் பாஸ்போர்ட் கிடைக்கும். ஆனால் முதலாளிக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அந்தப் பாஸ்போர்ட் காரின் சரித்திரத்துக்குச் சாட்சி இல்லை. நேற்றுச் செய்த காருக்கும், அமைப்பு சரியாக இருந்தால், அது கிடைக்கும். 'எச்.டி.பி. இருக்கு, அப்புறம் என்ன?' என்று சொல்லி விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரைவிங் லைசென்ஸைக் காட்டி நான் இன்னார் பேரன் என்று சொல்கிற மாதிரி.

அப்படியானால் இந்தக் கார் அசலா? நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். திருவாரூர் ஆழித்தேர் ஒருமுறை எரிந்தது, புதிதாகச் செய்தார்கள். பின்னால் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தது. அது ஆழித்தேர் இல்லை என்று யாராவது சொன்னதுண்டா? அதே சமயம், பிரேக்கைக் காட்டி இது சோழர் காலத்தது என்றும் யாரும் சொல்வதில்லை.

இங்கிலாந்தில் இதையே ஒரு நீதிமன்றம் சொன்னது. பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் ஒன்று, 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர், 1929-லும் 1930-லும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது. ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி முடித்தபின், வாங்க வந்தவர்கள் இது அந்தக் கார் இல்லை என்று பின்வாங்கினார்கள். 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஓட்டன் பாகம் பாகமாகக் கணக்கெடுத்தார். 1930-ல் ஜெயித்த காரிலிருந்து மிஞ்சியவை பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் கூடு, ஸ்டீயரிங் காலம். அவ்வளவே. சேஸி பிற்பாடு வந்தது. லெ மானில் ஓடியது ஆறரை லிட்டர் இன்ஜின், இப்போது இருப்பது எட்டு லிட்டர். ஆனாலும் தீர்ப்பு விற்றவர் பக்கம்தான். பிறந்த நாளிலிருந்து அந்தக் கார் மாறிக்கொண்டே, ஆனால் இடைவெளி இல்லாமல், இருந்து வந்திருக்கிறது. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறு கார் எதுவும் இல்லை என்றார் நீதிபதி.

அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துக்கொண்டு உங்கள் மரப்பெட்டிக்குப் போங்கள். அந்தப் பிளாக்கை யாரோ கேட்கிறார் என்றீர்கள். விரிசல் விட்ட பிளாக்கைக் காசு கொடுத்து ஏன் ஒருவர் கேட்க வேண்டும்? அலமாரியில் வைத்து அழகு பார்க்கவும் இருக்கலாம். ஆனால் பழைய இன்ஜின் எண் ஒன்று, எங்கோ கழித்துப் போட்ட சேஸிக் குழாய்கள் நாலு, இரண்டையும் சேர்த்தால் பத்து வருடம் கழித்து இன்னொரு கூப்பர் எழுந்து வந்து 'நான்தான் அந்த டி51' என்று சொல்லும். இப்படி ஒரே அடையாளத்துக்கு இரண்டு கார்கள் அடித்துக்கொண்ட கதைகள் இந்த உலகத்தில் நிறைய. கையில் இருக்கும் காரின் விலை அன்றைக்கே பாதாளத்துக்குப் போகும். விலையில் எவ்வளவு குறைத்தாலும் சரி, பெட்டி காரோடு வர வேண்டும். விற்பனைப் பத்திரத்தில் பிளாக்கின் எண்ணோடு அதை எழுதி வாங்குங்கள்.

எண் குத்துகிற விஷயம். பழைய எண்ணைப் புது பிளாக்கில் குத்திய நொடியில் ஒரே எண்ணில் இரண்டு பிளாக் ஆகிவிடும். ஒன்று காரில், ஒன்று பெட்டியில், அல்லது அந்த இன்னொருவர் வீட்டில். இதுவரை நேர்மையாக இருந்த ஒரு நல்ல இன்ஜின் அப்போதுதான் பொய் சொல்லத் தொடங்குகிறது. பழைய வாகன அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனம், மாற்றிய பாகத்தில் அது மாற்றியது என்று அழியாத குறி இருக்க வேண்டும் என்கிறது. நான் கோர்க்கும் இன்ஜினில் என் பட்டறை எண்ணையும் வருடத்தையும் குத்திவிடுவேன். சில வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஒருவர் கேட்டே விட்டார், கொஞ்சம் உள்பக்கமாகக் குத்தக் கூடாதா என்று. பெட்ரோல் டேங்குக்கு அடியில் பெயர் எழுதிக்கொள்ளும் ஆள் நான் இல்லை என்றேன்.

வெளிப்படையாகச் செய்வதில் ஒரு கௌரவமும் இருக்கிறது. பி.ஆர்.எம். என்ற பிரிட்டிஷ் பந்தயக் கம்பெனியின் 16 சிலிண்டர் வி16 காரை அதன் பழைய முதலாளியான ஓவன் குடும்பம் 2021-ல் புதிதாகவே செய்து இறக்கியது. பழைய வரிசையில் அடுத்த எண் கொடுத்தார்கள். 1950-ல் சில்வர்ஸ்டோனில் கிளம்பும்போதே பழுதாகி நின்ற காரே இதுதான் என்று யாரும் சொல்லவில்லை. 16 சிலிண்டரும் ஒன்றாகக் கத்தும்போது யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

முதலாளியிடம் இப்படிச் சொல்லுங்கள். அவர் ஓட்டத்தான் வாங்குகிறார் என்றால் புது இன்ஜின் அவருக்கு லாபம். பழைய பிளாக்கோடு வந்திருந்தால் முதல் வருடமே புது இன்ஜினுக்கு ஒரு பெரிய தொகை எடுத்து வைத்திருக்க வேண்டும். கூடத்தில் நிறுத்தி வைக்க வாங்குகிறார் என்றால் விலை பேச இடமிருக்கிறது. எப்படியானாலும் இன்ஜின் கோர்த்தவரின் ரசீது, விரிசல் சோதனைத் தாள், கோர்த்தபின் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு, மூன்றும் வேண்டும். கிலோமீட்டர் கணக்குக்கு இங்கே மதிப்பில்லை. ஆறு வருடமாகப் பந்தயம் ஓடிய இன்ஜினை அதற்குள் ஒருமுறையாவது திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் அந்தச் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

பணம் கைமாறுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு பிளாக்கிலும் எண் குத்தும் தட்டையான இடத்தைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. தொழிற்சாலையில் கடைந்த கோடுகள் எண்ணுக்கு அடியிலும் விடாமல் ஓட வேண்டும். எண்ணைச் சுற்றி மட்டும் வழவழப்பாக, லேசாகப் பள்ளமாக இருந்தால் யாரோ ஏற்கெனவே ஒருமுறை தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெட்டியில் இருக்கும் பழைய பிளாக்கையும் விடாதீர்கள்; சொல்லப்போனால் எனக்கு அதன் மேல்தான் சந்தேகம் அதிகம். படங்களை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.